வலைக்கும் தீவுக்கும் ஒரே எண்

கேள்வி: பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். நான் படித்தது பி.எஸ்சி. கணிதம். டோபாலஜியைப் பொறுத்தவரை தேர்வுக்கு உருப்போட்டதோடு சரி. போன வாரம் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் செல்போனில் ஒரு படம் காட்டினான். காப்பிக் கோப்பை ஒன்று களிமண் மாதிரி நெளிந்து நெளிந்து வடையாகிறது. இரண்டும் ஒன்றுதான் என்கிறது படம். "அக்கா, கப்பும் வடையும் ஒண்ணுன்னா டம்ளர் இன்னா? எங்க வலை இன்னா?" என்று கேட்டான். அவன் தங்கை ஒரு படி மேலே போய், "நாலாவது பரிமாணம்னு சொல்றாங்களே, அது எங்கக்கா இருக்குது?" என்றாள். "ரோடு போட்ட பெறவும் ஸ்ரீஹரிகோட்டா தீவுதானா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். மூன்றுக்கும் அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. கையில் பொருளைக் கொடுத்து, படம் வரைந்து சொல்ல வழி இருக்கிறதா? எங்களிடம் புரொஜெக்டர் கிடையாது.
— ஒரு வாசகி, பழவேற்காடு

பதில்: புரொஜெக்டர் இல்லாதது நல்லதுக்குத்தான். அந்தக் கோப்பை-வடைப் படத்தின் மேல் எனக்கு நெடுநாள் கோபம் உண்டு. அதில் பொய் இல்லை, ஆனால் பார்க்கிற பிள்ளைக்கு அது ஒரு செப்பிடு வித்தை. "ரப்பர் மாதிரி இழுத்தால் எதையும் எதுவாகவும் ஆக்கலாம் போலிருக்கிறது" என்று நினைத்துக்கொள்ளும். டோபாலஜி சொல்வதோ இதற்கு நேர் எதிர். எவ்வளவு இழுத்தாலும் வளைத்தாலும் மாறாமல் அடம்பிடிக்கிற ஏதோ ஒன்று பொருளுக்குள் இருக்கிறது, அதைக் கண்டுபிடி என்பதுதான் அதன் வேலை. ஆகவே இழுப்பதில் தொடங்காதீர்கள். எண்ணுவதில் தொடங்குங்கள். எண்ணுவதற்கு உங்கள் ஊரில் வலையை விடத் தோதான பொருள் எது?

கிழிந்து ஒதுக்கிய வலையில் ஒரு சின்னத் துண்டு வாங்கி வாருங்கள். அதில் மூன்று சங்கதிகளை எண்ணச் சொல்லுங்கள்: முடிச்சுகள், இரண்டு முடிச்சுக்கு இடையே ஓடும் நூல் துண்டுகள், கண்கள். கரும்பலகையில் வரைவதானால் வரிசைக்கு மூன்றாக மூன்று வரிசை முடிச்சு போடுங்கள். முடிச்சு 9, நூல் 12, கண் 4. முடிச்சிலிருந்து நூலைக் கழித்துக் கண்ணைக் கூட்டினால் 9 − 12 + 4 = 1. இன்னொரு பிள்ளை வேறு அளவில் ஒரு துண்டை எண்ணட்டும். அதற்கும் 1 வரும். கண் சதுரமாக இருந்தாலும் கோணிக்கொண்டிருந்தாலும், வலையை விரித்தாலும் கசக்கிப் போட்டாலும் 1.

இப்போது கத்தரிக்கோலை எடுத்து நடுவில் ஒரு நூலை வெட்டுங்கள். இரண்டு கண் சேர்ந்து ஒரு பெரிய ஓட்டையாகும். நூலில் ஒன்று குறைந்தது, கண்ணிலும் ஒன்று குறைந்தது, விடை அதே 1. இன்னொன்றை வெட்டுங்கள். இப்படியே கண்களை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போனால் கடைசியில் ஒரு கண்ணும் மிஞ்சாது, மரக்கிளை மாதிரி முடிச்சும் நூலும் மட்டும் தொங்கும். அப்போது முடிச்சு 9, நூல் 8. அதற்கு மேல் எந்த நூலை வெட்டினாலும் வலை இரண்டாகும், விடையும் 2 ஆகும். பாதிக் கிழிசலில் பிள்ளைகள் தாமாகவே ஒன்றைக் கண்டுகொள்வார்கள்: வலையில் எத்தனை கண் உண்டோ அத்தனை வெட்டைத்தான் அது தாங்கும், அதுவும் பார்த்துப் பார்த்து வெட்டினால். இது விளையாட்டு மட்டும் இல்லை. விடை ஏன் 1 என்பதற்கு நிரூபணமே இதுதான். வலை பொத்துகிற பெரியவர் யாராவது பக்கத்தில் இருந்தால், கத்தரிக்கோலை எடுக்கும் முன் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

வெட்டாத ஒன்பது முடிச்சு வலை ஒன்றைக் குழாய் மாதிரி சுருட்டி, ஓரத்தை ஓரத்தோடு சேர்த்துப் பின்னுங்கள். நூல் 3 கூடும், ஆக 15. கண் 2 கூடும், ஆக 6. இப்போது 9 − 15 + 6 = 0. எண் மாறிவிட்டது. வெட்டாமல், கிழிக்காமல், ஒட்டியதால் மாறியது. குழாயின் இரண்டு வாயையும் ஒவ்வொரு கண்ணாக எண்ணி மூடிவிட்டால் 9 − 15 + 8 = 2. நாலா பக்கமும் மூடிய பை அது. வாய்களை மூடாமல், குழாயை வளைத்து ஒரு வாயை மறுவாயோடு சேர்த்துப் பின்னினால் வடை கிடைக்கும். நூல் 18, கண் 9. 9 − 18 + 9 = 0.

இனி அந்தப் பையனுக்குப் பதில் சொல்லலாம். இட்லியின் மேல் நெருக்கமாக ஒரு வலையைப் போர்த்தி எண்ணினால் 2 வரும். டம்ளரின் உள்ளும் புறமும் சேர்த்துப் போர்த்தினாலும் 2. குழி இருந்தால் என்ன, அது ஓட்டை இல்லையே. காது வைத்த கோப்பைக்கு 0, வடைக்கும் 0. உங்கள் ஊர்ப் பெண்கள் பனை ஓலையில் முடைகிற கூடையில் இரண்டு பக்கமும் பிடி இருந்தால், முடைச்சலின் பொடி இடுக்குகளைக் கணக்கில் எடுக்காமல் விட்டால், −2. ஆகக் கோப்பையும் வடையும் ஒரு சாதி, டம்ளரும் இட்லியும் இன்னொரு சாதி. எண் வேறானால் எந்த இழுப்பும் ஒன்றை மற்றொன்றாக்காது. மூடிய திண்மங்களுக்கு இந்த எண் 2 என்று லெயோன்ஹார்ட் ஆய்லர் தன் நண்பர் கோல்ட்பாகுக்கு 1750இல் கடிதம் எழுதினார். ஆய்லர் எண் என்றே அதற்குப் பெயர். டோபாலஜி என்ற சொல்லை யோஹான் லிஸ்டிங் அச்சில் கொண்டுவந்தது அதற்கும் பிறகு, 1847இல். தமிழில் இடவியல் என்கிறார்கள். நான் இரண்டையும் புழங்குவேன்.

அடுத்து ஒரு தாம்பாளம், ஈர மணல், ஒரு செம்புத் தண்ணீர். எனக்கு மிகப் பிடித்த பாடம் இது. உங்கள் பிள்ளைகள் ஆண்டுதோறும் கண்ணால் பார்க்கிற பாடமும் கூட. கோடையில் ஏரி வற்றும்போது என்ன நடக்கிறது? முதலில் ஒரு திட்டு தலை நீட்டும். அப்புறம் தள்ளி இன்னொன்று. நீர் இன்னும் இறங்கினால் இரண்டு திட்டும் நடுவில் ஒரு தாழ்ந்த முதுகில் சேர்ந்துகொள்ளும். சில இடங்களில் சேறு வளையமாகச் சுற்றிக்கொண்டு நடுவே குட்டை தேங்கும். கடைசியில் அந்தக் குட்டையும் காயும். ஏரியின் வடக்குப் பகுதியில் வெயில் காலத்தில் பூநாரை நடந்துபோகிற சேற்றுவெளி முழுவதும் இப்படி உருவானதுதான்.

அந்தத் தாழ்ந்த முதுகுக்குத் தமிழில் கணவாய் என்று பெயர். உங்கள் குப்பத்தில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள், அங்கே கணவாய் என்றால் குழம்புக்குப் போகிற பிராணி. மலையூர்க்காரர்களுக்கு அது இரண்டு மலைக்கு நடுவே இருக்கிற தாழ்ந்த வழி. சிரித்து முடிக்கட்டும், அதற்குப் பிறகு சொல் மறக்காது.

தாம்பாளத்தில் மணலை மேடும் பள்ளமுமாகக் குவித்து, முழுக்கத் தண்ணீர் ஊற்றி, கொஞ்சம் கொஞ்சமாக முகந்து எடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் நிலத்துண்டு எத்தனை, உள்ளே சிக்கிய குட்டை எத்தனை என்று எண்ணி, முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழிக்க வேண்டும். புதுத் திட்டு தலைகாட்டினால் எண்ணில் ஒன்று ஏறும். கணவாய் வெளிப்பட்டால் ஒன்று இறங்கும்: ஒன்று இரண்டு துண்டு ஒன்றாகியிருக்கும், இல்லாவிட்டால் வளையம் மூடிக் குட்டை ஒன்று பிறந்திருக்கும். குட்டை அடிமட்டம் வரை காய்ந்தால் ஒன்று ஏறும். எல்லாம் காய்ந்து, குட்டை எதுவும் இல்லாத ஒரே தீவாக நிற்கும்போது எண் 1. எனவே, மேடு − கணவாய் + பள்ளம் = 1. எந்தத் தீவுக்கும், எப்படிக் குவித்த மணலுக்கும். ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் 1870இல் குன்றுகளையும் பள்ளங்களையும் பற்றி எழுதிய கட்டுரையில் இந்தக் கணக்கின் வேர் இருக்கிறது. மின்காந்தத்துக்குச் சமன்பாடு தந்த அதே மாக்ஸ்வெல்தான்.

இப்போது வலையை எடுத்து அந்தத் தீவின் மேல் போர்த்துங்கள். முடிச்சு − நூல் + கண் = 1. மேடு − கணவாய் + பள்ளம் = 1. வலை பின்னியவருக்கு மணல் தெரியாது, மணலைக் குவித்த நீருக்கு வலை தெரியாது. இரண்டு எண்ணிக்கையும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. வகுப்பில் இந்த இடத்தில் அவசரப்பட வேண்டாம். ஒரு நாள் முழுக்க இதிலேயே போனாலும் நஷ்டமில்லை. பல்கலைக்கழகத்தில் மோர்ஸ் கோட்பாடு என்ற பெயரில் ஒரு பருவம் முழுக்க நடத்துகிற பாடத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

ஸ்ரீஹரிகோட்டா கேள்விக்கு வருகிறேன். இதற்கு எண்ணிக்கை போதாது, கயிறு வேண்டும். கயிற்றின் ஒரு முனையைப் பழவேற்காடு முகத்துவாரத்தில் ஒரு கம்பில் கட்டிவிட்டு, மறுமுனையோடு ஒரு படகு கடல் வழியாக வடக்கே போகிறது என்று வைத்துக்கொள்வோம். வடக்கில் இருக்கும் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் நுழைந்து, ஏரியோடு தெற்கே இறங்கி, புறப்பட்ட கம்புக்கே வந்து சேர்கிறது. இப்போது கயிற்றின் இரு முனையையும் பிடித்து இழுங்கள். நீர்ப்பரப்பை விட்டு ஏறக்கூடாது என்பது விதி. கயிறு வராது. நடுவே தீவு நிற்கிறது. ஏரிக்குள் வேறெங்காவது சும்மா ஒரு வட்டமடித்துப் போட்ட கயிறு என்றால் சுருங்கிக் கைக்கு வந்துவிடும். டோபாலஜியில் தீவு என்றால் இதுதான்: நீரில் போட்ட ஒரு கயிற்றைச் சுருங்கவிடாமல் தடுப்பது. இருக்கம், வேநாடு போன்ற ஏரிக்குள் இருக்கிற தீவுகளும் அப்படியே. ஒவ்வொரு தீவும் நீர்ப்பரப்பின் ஆய்லர் எண்ணில் ஒன்றைக் குறைக்கிறது.

முகத்துவாரம் மணல் மூடித் தூர்ந்துபோகிற காலத்தில்? படகால் அந்தச் சுற்றை முடிக்கவே முடியாது. கயிற்றுக்கு வழியில்லை. ஏரி சிறுத்ததோ பெருத்ததோ இல்லை, ஆனாலும் அதன் டோபாலஜி மாறிவிட்டது. மீன்குஞ்சும் இறால்குஞ்சும் உள்ளே வர முடியாமல் போவதும் அதே மாற்றம்தான் என்பது உங்கள் பிள்ளைகளுக்கு என்னை விட நன்றாகத் தெரியும். பரப்பளவைக் கணக்கிடுகிறவர் இதைக் கவனிக்காமல் போகலாம், கயிற்றைக் கையில் பிடித்திருக்கிறவர் கவனிக்காமல் இருக்க முடியாது.

சூலூர்பேட்டையிலிருந்து ஏரியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் சாலைக்கும் இதே சோதனைதான். சாலைக்கு அடியில் மதகு வழியாக நீர் தொடர்ந்து ஓடுகிற வரை, நீருக்கு ஸ்ரீஹரிகோட்டா தீவு. பேருந்தில் போகிறவருக்கு அது தீவு இல்லை, கால் நனையாமல் போய் வருகிறாரே. இருவர் சொல்வதும் சரி. "எதில் கயிறு போடுகிறாய், நீரிலா நிலத்திலா?" என்று அந்தப் பின்வரிசைப் பிள்ளையையே திருப்பிக் கேளுங்கள். கேள்வியின் பாதி அதற்குள் இருக்கிறது.

சரி, நாலாவது பரிமாணம். "எங்கே இருக்கிறது" என்று அந்தச் சிறுமி கேட்டாளே, அந்த "எங்கே"யில்தான் எல்லோரும் வழுக்கி விழுகிறார்கள். பரிமாணம் ஓர் ஊர் இல்லை, போய்ப் பார்க்க. ஒன்றைக் குறிப்பிட எத்தனை எண் தேவை என்பதுதான் பரிமாணம். கரையோரம் நடக்கிறவரைச் சொல்ல ஓர் எண் போதும்: முகத்துவாரத்திலிருந்து எத்தனை மீட்டர். நீர்மேல் படகைச் சொல்ல இரண்டு. நீருக்குள் வலையின் மடியைச் சொல்ல மூன்று. அது எந்த நேரத்தில் அங்கே இருந்தது என்றும் சொல்ல வேண்டுமானால் நாலு. நேரத்துக்குப் பதில் வேறு எதையும் நாலாவதாக வைக்கலாம். நான் நிறத்தை வைக்கப் போகிறேன், ஏனென்றால் அதைச் சாயக்கட்டியால் காட்டலாம்.

முதலில் எண்ணுவோம். கண்ணால் பார்க்க முடியாததையும் எண்ணலாம் என்று காட்டினாலே பாதி பயம் போய்விடும். கரைவலை இழுப்பது போல நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு புள்ளியை இழுத்தால் அதன் தடம் கோடு: முனை 2, கோடு 1. அந்தக் கோட்டைப் பக்கவாட்டில் இழுத்தால் சதுரம்: மூலை 4, ஓரம் 4, பரப்பு 1. சதுரத்தை மேலே இழுத்தால் கனசதுரம். ஓரங்கள் எத்தனை? தொடங்கிய இடத்துச் சதுரத்தின் 4, போய் நின்ற இடத்துச் சதுரத்தின் 4, இழுபட்ட நான்கு மூலைகளும் விட்ட தடம் 4, ஆக 12. அதே விதி எல்லாவற்றுக்கும்: பழையது இரண்டு மடங்கு, அதோடு தடம். இப்போது கனசதுரத்தை, நமக்குக் கை நீட்டத் தெரியாத ஒரு திசையில், இழுங்கள். மூலை 16. ஓரம் 12 + 12 + 8 = 32. முகம் 6 + 6 + 12 = 24. கனசதுரம் 1 + 1 + 6 = 8. நடுவே நிறைந்திருக்கும் நாலு பரிமாண உடல் 1. எட்டாம் வகுப்புக் கூட்டல் இவ்வளவே. 1888இல் சார்லஸ் ஹின்டன் இதற்கு டெசராக்ட் என்று பெயர் வைத்தார். படம் வேண்டுமானால் ஒரு கனசதுரம் வரைந்து, சற்றுத் தள்ளி இன்னொன்று வரைந்து, ஒத்த மூலைகளை எல்லாம் கோட்டால் இணையுங்கள். காகிதத்தில் விழுவது அதன் நிழல்தான். கனசதுரத்துக்கும் காகிதத்தில் நாம் வரைவது நிழல்தானே, அதற்கு யாரும் கவலைப்படுவதில்லை.

வலைக்கணக்கை இங்கே போடுங்கள். கோடு: 2 − 1 = 1. சதுரம்: 4 − 4 + 1 = 1. கனசதுரம், உள்ளுடம்பையும் சேர்த்து: 8 − 12 + 6 − 1 = 1. டெசராக்ட்: 16 − 32 + 24 − 8 + 1 = 1. கிழிந்த வலைத் துண்டில் கிடைத்த அதே எண். ஐந்தாம் பரிமாணத்துக்குப் பிள்ளைகள் தாமே போவார்கள், நீங்கள் நிறுத்தினால் தவிர.

எண்ணிய பிறகு பார்க்கலாம். நீரின் மேல்தோலில் ஓடுகிற பூச்சிக்கு மேலும் கீழும் கிடையாது, அந்தத் தோல்தான் அதன் உலகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வலையின் மிதவைப் பந்து ஒன்றை மெல்ல நீருக்குள் அமுக்கினால் பூச்சிக்கு என்ன தெரியும்? எங்கிருந்தோ ஒரு புள்ளி முளைக்கும், வட்டமாகப் பெருக்கும், மறுபடி சிறுத்துப் புள்ளியாகி மறையும். நாலு பரிமாணப் பந்து ஒன்று நம் வகுப்பறை வழியே கடந்து போனால், காற்றில் ஒரு புள்ளி முளைத்து, பந்தாக ஊதி, மறுபடி சுருங்கிக் காணாமல் போகும். எட்வின் அபாட் 1884இல் எழுதிய ஃபிளாட்லேண்ட் என்ற குறுநாவல் இந்த ஒரு யோசனையின் மேல் நிற்கிறது. ஏரி வற்றும்போது நீர்மட்டம் மேடுகளை ஒவ்வொரு சீவலாகக் காட்டியதே, அந்தத் தந்திரமேதான். ஏரியின் அடிமட்டத்தை முழுசாகப் பார்த்தவர் யாரும் இல்லை. கோல் ஊன்றிப் படகு தள்ளுகிறவர் ஊன்றிய இடமெல்லாம் சேர்த்துத் தரையை மனதில் வைத்திருக்கிறார். நாலாவது பரிமாணத்தைக் கணிதக்காரர்கள் "பார்ப்பதும்" அப்படிக் கோல் ஊன்றித்தான். மனக்கண்ணில் முழுசாகத் தெரிகிறது என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

இனி நிறம். ஒரு கயிற்றில் சாதாரண முடிச்சு ஒன்று போட்டு, இரு முனைகளையும் சேர்த்து ஒட்டிவிடுங்கள். அவிழ்க்க முயலச் சொல்லுங்கள். முடியாது, வெட்டினால்தான் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பீட்டர் டெய்ட் இப்படி மூடிய முடிச்சுகளை எல்லாம் பட்டியல் போட உட்கார்ந்தார். அணுக்களே, வெளியெங்கும் நிறைந்திருப்பதாக அன்று நம்பிய ஈதரில் விழுந்த முடிச்சுகள் என்று அவர் நண்பர் கெல்வின் 1867இல் சொன்னதை நம்பி. அந்த முடிச்சுக் கொள்கை பொய்த்தது, பட்டியல் நிலைத்தது. கயிற்றின் வெண்மையும் கருமையும் நாலாவது எண்ணைக் குறிக்கட்டும். விதி இதுதான்: இரண்டு கயிறு ஒரே இடத்தில், ஒரே நிறத்தில் இருந்தால்தான் முட்டும். இப்போது முடிச்சில் ஒன்றின் மேல் ஒன்று ஏறுகிற இடத்தில், மேலே இருப்பதை மட்டும் மெல்ல மெல்லக் கறுக்க வைத்து, வெள்ளைக் கயிற்றின் ஊடாகவே கீழே இறக்கி, மறுபுறம் போனதும் வெளுக்க வையுங்கள். முட்டவில்லை, வெட்டவில்லை, முடிச்சு அவிழ்ந்தது. நாலு பரிமாணத்தில் எந்தக் கயிற்று முடிச்சும் நிற்காது. அங்கே வலை பின்ன முடியாது என்று சொன்னால் உங்கள் வகுப்பு அந்த உலகத்தின் மேல் பரிதாபப்படும். அங்கே கயிற்றில் முடிச்சு விழாது, மூடிய பலூன் மாதிரிப் பரப்புகள்தான் முடிச்சு விழும். 1925இல் எமில் ஆர்ட்டின் அப்படி முடிச்சு விழுந்த பரப்புகளைச் செய்து காட்டினார்.

கூடை முடைகிற வீட்டில் ஊறவைத்த பனை ஓலைப் பட்டை இரண்டு கேளுங்கள். காய்ந்தது முறியும். ஒன்றை நேராக வளைத்து ஒட்டினால் வளையல்: உள்பக்கம், வெளிப்பக்கம், இரண்டு விளிம்பு. இன்னொன்றை அரைச்சுற்று முறுக்கி ஒட்டுங்கள். விரலை வைத்து விளிம்போடு நகர்த்தச் சொன்னால் இரண்டு சுற்று சுற்றிவிட்டுத்தான் புறப்பட்ட இடத்துக்கு வரும். விளிம்பு ஒன்றுதான், பக்கமும் ஒன்றுதான். 1858இல் மோபியஸும் லிஸ்டிங்கும் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரே ஆண்டில் கண்டது இது. ஒரே விளிம்பு என்பதால், இப்படி இரண்டு பட்டைகளின் விளிம்புகளை முழுக்கச் சேர்த்துத் தைத்துவிட்டால் விளிம்பே இல்லாத மூடிய பொருள் கிடைக்க வேண்டுமே? தைத்துப் பாருங்கள், பட்டை தன்னையே குறுக்கிடும். ஃபெலிக்ஸ் கிளைன் 1882இல் சொன்ன குடுவை இதுதான். மீன் பிடிக்கிற பறியை நினைத்தால் இது எளிது. பறியின் வாய் உள்நோக்கிக் குறுகி ஓடுகிறது. அந்தக் குறுகிய கழுத்து இன்னும் நீண்டு, பறியின் சுவரைத் துளைக்காமலே வெளியே வந்து, வளைந்து போய், பறியின் அடிப்பக்கத்தோடு சேர்ந்துகொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். "துளைக்காமலே" என்பதற்கு நம் மூன்று பரிமாணத்தில் இடமில்லை, கழுத்தைக் கறுப்பாக்கினால் நாலில் இடமிருக்கிறது. அந்தப் பறியில் மீன் உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று கேட்க முடியாது. உள்ளே என்று ஒன்று அதற்கு இல்லை.

கடைசியாக ஒருவரைச் சொல்லாமல் விட மனமில்லை. ராமானுஜன் என்றால் எல்லோருக்கும் ஒருவர்தான். சி. பி. ராமானுஜம் என்று இன்னொருவர் இருந்தார், 1938இல் சென்னையில் பிறந்தவர். லயோலா கல்லூரியில் படித்தவர், அங்கே பல தலைமுறை மாணவர்களைக் கணிதத்துக்குத் திருப்பிய பிரெஞ்சுப் பாதிரியார் ரசீனின் அரவணைப்பில் வந்தவர், பிறகு மும்பை டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போனவர். 36 வயதில், 1974இல் இறந்துபோனார். 1971இல் அவர் எழுதிய ஒரு கட்டுரையில் நாலு பரிமாணப் பொருள் ஒன்று வருகிறது. அதற்கு நம் சோதனையை எல்லாம் வைத்துப் பாருங்கள். எண்ணிக்கை 1, நிறைந்த டெசராக்டைப் போலவே. உள்ளே எங்கே கயிறு போட்டாலும் சுருங்கிக் கைக்கு வந்துவிடும். ஏன், பொருள் முழுக்கவே ஒரு புள்ளியாகச் சுருங்க ஒப்புக்கொள்ளும். ஆகவே அது சாதாரண நாலு பரிமாண வெளியேதான் என்று யாரும் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். இல்லை என்றார் ராமானுஜம்.

எங்கே பிடித்தார் என்பதைப் பந்தைக் கொண்டு சொல்லலாம். தாளில் ஒரு பெரிய வட்டம் போட்டு, அதற்குள் வராமல் சுற்றிக் கயிறு போட்டால் கயிறு சிக்கிக்கொள்ளும். நம் மூன்று பரிமாணத்தில் எவ்வளவு பெரிய பந்தைச் சுற்றிக் கயிறு போட்டாலும் மேல்பக்கமாக நழுவி வந்துவிடும், பந்துக்குள் போகவே வேண்டாம். நாலு பரிமாண வெளியிலும் அப்படியே நழுவும். ராமானுஜத்தின் பொருளில், வெகு தொலைவில், நடுப்பகுதியைச் சுற்றிப் போட்ட சில கயிறுகள் நழுவ மறுக்கின்றன. நடுப்பகுதிக்குள் இறங்கி வந்தால் சுருங்கும், வெளியிலேயே இருந்தால் சுருங்காது. உள்ளே நின்று எத்தனை சோதனை செய்தாலும் தெரியாத வித்தியாசம், தூரக் கரையில் போய்க் கயிற்றை இழுத்தால் தெரிகிறது. இந்தத் தொல்லை இல்லாவிட்டால் அந்த வகைப் பொருள் சாதாரண நாலு பரிமாண வெளியேதான் என்பதையும் அதே கட்டுரையில் நிறுவினார். உலகமெங்கும் அந்தப் பொருளை இன்று ராமானுஜம் பரப்பு என்றே சொல்கிறார்கள். பி.எஸ்சி.யில் நீங்கள் உருப்போட்டபோது யாரும் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

வகுப்புக்கு வேண்டியது இவ்வளவுதான்: கிழிந்த வலை, தாம்பாளம், மணல், இரண்டு முழம் கயிறு, ஊறவைத்த ஓலை. முதல் வாரம் வலையும் மணலும் மட்டும். கயிறு அடுத்த வாரம். டெசராக்டை அந்தச் சிறுமி மறுபடி கேட்கும்வரை எடுக்காதீர்கள். அரைச்சுற்று முறுக்கிய ஓலைப் பட்டையை நடுக்கோட்டில் நீளவாக்கில் வெட்டினால் இரண்டாகப் பிரியாது, ஒரே நீளப் பட்டையாகும். நடுக்கோட்டில் இல்லாமல், விளிம்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி வெட்டத் தொடங்கினால் என்ன வரும் என்று வெட்டும் முன்னால் ஒவ்வொருவரையும் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். விடையை நான் இங்கே எழுதவில்லை. எத்தனை பேர் சரியாகச் சொன்னார்கள் என்று மட்டும் ஒரு வரி எழுதுங்கள்.